மொடக்குறிச்சியைப் பார்த்துச் சிரிப்பவர்களுக்கு

மொடக்குறிச்சி என்றதும் சிரிக்க நாம் பழகிவிட்டோம். ஈரோட்டுக்குப் பக்கத்திலுள்ள அந்த ஒரே தொகுதியில், 1996-ம் ஆண்டுச் சட்டசபைத் தேர்தலுக்கு 1,033 அபேட்சகர்கள் நின்றார்கள். ஓட்டுச் சீட்டைப் புத்தகமாகவே அச்சிட வேண்டியதாயிற்று. அதற்காக அங்கே மட்டும் தேர்தலைச் சுமார் ஒரு மாதம் தள்ளிப்போட்டார்கள். படித்த நண்பர்கள் பலருக்கு இது இன்றைக்கும் ஒரு துணுக்கு. "அதிலே 88 பேருக்கு ஓர் ஓட்டுக்கூட விழவில்லையாம் ஸார்! தன் ஓட்டையே தனக்குப் போட்டுக்கொள்ளாத மகானுபாவர்கள்!" என்று சொல்லிவிட்டுக் காப்பியை ஆற்றிக் குடிக்கிறார்கள்.

எனக்கு அந்த 88 பேர் மீதுதான் மரியாதை. பதவி ஆசை பிடித்தவன் முதல் ஓட்டைத் தனக்கல்லவா போட்டுக்கொள்வான்? (அவர்களில் சிலருக்கு அந்தத் தொகுதியில் ஓட்டே இல்லாமலும் இருந்திருக்கலாம், அதை யார் விசாரித்தார்கள்?) அவர்கள் கேட்டது நாற்காலியை அல்ல. தங்கள் குறைகளைச் சர்க்கார் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்று கிளம்பிய விவசாயிகள் அவர்கள். நம் ஆபீஸ்களில் மனுக் கொடுத்துப் பார்த்தவர்களுக்கு அதன் கதி தெரியும். வேட்புமனு ஒன்றைத்தான் அப்படிக் கட்டுக்குள் செருகி மறந்துவிட முடியாது. முறையாகக் கொடுத்தால் வாங்கியே தீரவேண்டும், பரிசீலித்தே தீரவேண்டும், பெயரை அச்சடித்தே தீரவேண்டும். 250 ரூபாய் கட்டி, பதில் சொல்லியே ஆகவேண்டிய ஒரு மனுவை அவர்கள் கொடுத்தார்கள். இதில் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது?

அந்தப் புத்தகத்தைப் புரட்டிச் சின்னம் தேடியவர்கள் பட்ட சிரமம் வாஸ்தவம்தான். ஆனால் அதற்குக் கிடைத்த பரிகாரத்தைப் பாருங்கள். அதே 1996-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். 250 ரூபாய் டிபாசிட் 5,000 ஆயிற்று. சுயேச்சையை முன்மொழியப் பத்துப் பேர் கையெழுத்து வேண்டுமென்றார்கள். 2010-ல் டிபாசிட் 10,000 ஆயிற்று. வீட்டு வாசலில் கூட்டம் சேர்ந்தால், ஏன் வந்தீர்கள் என்று கேட்பது ஒரு வகை. மதிலை உயர்த்திக்கொள்வது இன்னொரு வகை. லட்சாதிபதியைத் தடுக்காத மதில் இது. கடன்பட்ட குடியானவனை மட்டும் தடுக்கும்.

"ஒன்றிரண்டு ஓட்டு வாங்குகிறவனெல்லாம் ஓர் அபேட்சகனா?" என்பார்கள். 1996-ல் அந்த ஆயிரம் பேரையும் தாண்டி ஜெயித்தவர் தி.மு.க.வின் சுப்புலட்சுமி ஜெகதீசன். 2021-ல் அவரே அதே மொடக்குறிச்சியில் பா.ஜ.க.வின் சி. சரஸ்வதியிடம் தோற்றார். வித்தியாசம் 281 ஓட்டு! ஒன்றிரண்டாகச் சேர்ந்தால்தானே ஐயா 281?

சரி, மதில் உயர்ந்ததே, கூட்டம் நின்றதா என்றால் அதுவும் இல்லை. தெலங்கானாவின் நிஜாமாபாத் ஈரோட்டைப் போலவே மஞ்சளுக்குப் பெயர்போன ஊர். 2019 பார்லிமெண்ட் தேர்தலில் அங்கே 185 பேர் நின்றார்கள். அவர்களில் 170-க்கும் மேற்பட்டோர் விவசாயிகள். மஞ்சளுக்கு ஒரு வாரியம் வேண்டும், கட்டுபடியாகிற விலை வேண்டும் என்பது கோரிக்கை. பொதுப் பிரிவுக்கு டிபாசிட் 25,000 ரூபாய். அதையும் எப்படியோ திரட்டிக் கட்டினார்கள். அத்தனை பெயருக்கும் இடம் கொடுக்க வாக்கு இயந்திரங்களை வரிசையாக அடுக்கவேண்டியிருந்தது. அந்த விவசாயிகளில் ஒருவரும் ஜெயிக்கவில்லை. தேசிய மஞ்சள் வாரியம் 2025 ஜனவரியில் அதே நிஜாமாபாத்தில் திறக்கப்பட்டது.