தாத்தாவின் ஸ்பிரே கன்னும் பேரனின் ஏர்பிரஷும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, உலு யாமில் அக்கா வீட்டு முன்வாசலில் ஒரு சிவப்புக் கார் பாழாய்ப் போனது. பதறாதீர்கள், ஒரு சாண் நீளம்கூட இல்லாத பிளாஸ்டிக் கார்தான். அசல் காரில் 24இல் ஒரு பங்கு. மூன்றாம் படிவம் படிக்கும் அக்கா மகன் மூன்று வாரமாக உட்கார்ந்து ஒட்டியது. தீபாவளி அங்பாவ் பணத்தில் இணையத்தில் ஓர் ஏர்பிரஷ் வாங்கி, முதல் முறையாகச் சாயம் அடித்தான். பானெட் முழுக்க ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரப்பு, நடுவில் இரண்டு தண்ணீர்த் துளி.

“மாமா, நல்ல ஏர்பிரஷ் எது? நீங்கதான் வானொலியில எல்லாம் பேசுறீங்களே” என்றான். பேசுவதற்கும் தெரிந்திருப்பதற்கும் உள்ள தூரம் எனக்கல்லவா தெரியும்! ஆனால் இந்த விஷயத்தில் நானும் சில வருடங்கள் காசைக் கரைத்தவன். சொன்னேன்.

ஏர்பிரஷில் சிங்கிள் ஆக்‌ஷன் என்றால் விசையை அழுத்தியதும் காற்றும் சாயமும் சேர்ந்தே வரும். டபுள் ஆக்‌ஷனில் அழுத்தினால் காற்று, பின்னால் இழுத்தால் சாயம். கை பழக ஒரு வாரம் ஆகலாம். ஆனாலும் முதலிலேயே டபுள் ஆக்‌ஷன் வாங்குவதுதான் நல்லது. சாயக் கிண்ணம் மேலே இருக்கும் ரகம் போதும். சாயம் தானாக இறங்கும், கொஞ்சம் ஊற்றினாலே வேலை நடக்கும். நாசில் 0.3 மி.மீ. 0.2 என்றால் கோடு மெலிதாக வரும்தான், ஆனால் எடுத்ததற்கெல்லாம் அடைத்துக்கொள்ளும். புதிதாகத் தொடங்குகிறவருக்கு அது வெறுப்பைத்தான் கொடுக்கும்.

பையனின் கோளாறு அங்கே இல்லை. அவன் வாங்கியது பேனா மாதிரி, அடியில் சின்ன மோட்டார் வைத்த ரகம். அதில் காற்றைச் சேமிக்கக் கலன் இல்லை, அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கவும் வழியில்லை. கலன் வைத்த கம்ப்ரஸரில் காற்று துடிக்காமல் ஒரே சீராக வரும். 15 முதல் 20 பி.எஸ்.ஐ. வரை வைத்துக்கொண்டால் சின்ன மாடல்களுக்குத் தாராளம். இன்னொன்று, ஈரம். உலு யாமில் மதியம் மலைப் பக்கம் இருட்டினால் சாயங்காலம் மழைதான். அந்த ஈரக் காற்றை அழுத்தும்போது ரப்பர் குழாய்க்குள் தண்ணீர் சேர்ந்து சாயத்தோடு தெறிக்கிறது. அதைப் பிடிக்க ஒரு வடிகட்டிக் கிண்ணம் கட்டாயம் வேண்டும். மழை விட்ட கையோடு லேக்கர் சாயம் அடித்தால் பனி படர்ந்த மாதிரி வெளுத்தும் போகும். காத்திருங்கள், கார் எங்கும் ஓடிவிடாது.

இவ்வளவையும் சாய்வு நாற்காலியில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார் அப்பா. இருபது வருடத்துக்கு மேல் கார்ப் பட்டறையில் சாயம் அடித்தவர். அவர் பிடித்த கன்னின் நாசில் 1.3 மி.மீ. பாழான பானெட்டை வாங்கி விரலால் தடவினார்.

“கன்ன குத்தம் சொல்லாதய்யா. சாயத்த எப்படிக் கலந்த?”

“பால் மாதிரி கலக்கணும்னு போட்டிருந்துச்சு தாத்தா.”

“எந்தப் பாலு? நீ கலந்தது பால்மரத்துப் பாலு. பசும்பால் பதத்துக்கு வரணும்.”

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவரிடம் பால் என்றால் விளக்கம் கேட்க வேண்டியதுதான்.

சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது. பட்டறையில் அந்தக் காலத்தில் முகத்தில் கட்டிக்கொள்ள ஒரு கைக்குட்டைதான். ஹார்ட்னர் கலந்து அடிக்கும் கார்ச் சாயங்களில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் உண்டு. அது ஆஸ்துமாவைக் கொண்டுவரும் என்பதை மருத்துவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். ஹார்ட்னர் கலக்காத மாடல் சாயங்களில் அது இல்லை. ஆனாலும் லேக்கரும் தின்னரும் மூக்குக்குள் போகிற சரக்கல்ல. கோவிட் காலத்தில் மிஞ்சிய முகக்கவரி சாயத் துகளை ஓரளவு தடுக்கும், ஆவியைத் தடுக்காது. இரண்டு பக்கமும் கரி வடிகட்டி வைத்த மாஸ்க் வேண்டும், ஜன்னலும் திறந்திருக்க வேண்டும்.

அதனால் என் கணக்கு இதுதான். கையில் 500 ரிங்கிட் இருந்தால் பாதிக்கு மேல் கம்ப்ரஸருக்குப் போகட்டும். மிச்சத்தில் முதலில் மாஸ்க், அப்புறம்தான் ஏர்பிரஷ். பெரிய பெயருள்ள ஜப்பான் ஏர்பிரஷை வாங்கிவிட்டு, காற்றுக்கும் மூச்சுக்கும் காசில்லாமல் நிற்காதீர்கள். அக்கா கம்ப்ரஸருக்குப் பணம் தந்தார், மாஸ்க் என் செலவு. ஏர்பிரஷுக்குப் பையன் இரண்டு மாதம் காத்திருக்கத் தயார் என்றான், ஆனால் இரண்டே வாரத்தில் வாங்கிவிட்டான். எப்படி என்று நான் கேட்கவில்லை.

நேற்று மறுபடி போயிருந்தேன். பானெட்டைத் தேய்த்து வழவழப்பாக்கி வைத்திருந்தார்கள். “ஒரு கோட்டு நான் அடிக்கிறேன்” என்று அப்பா கையை நீட்டினார். பையன் தன் முகத்தில் இருந்த மாஸ்க்கைக் கழற்றி, முதலில் அதைக் கொடுத்தான்.

“எனக்கெதுக்கு? இனிமே என்னா இருக்கு?”

“போட்டாதான் கன் தருவேன் தாத்தா.”

முணுமுணுத்துக்கொண்டே போட்டுக்கொண்டார். பையனை ஜன்னலுக்கு அந்தப் பக்கம் போய் நிற்கச் சொன்னார்.