அளவறிந்து தைத்த சட்டை



யோப்பா பட்டணத்து மேல்வீட்டறையில் நடந்ததை நாம் பெரும்பாலும் அதிலுள்ள அற்புதத்துக்காகவே வாசிக்கிறோம். தபீத்தாள் மரிக்கிறாள், பேதுரு வந்து முழங்காற்படியிட்டு ஜெபிக்கிறான், அவள் கண்களைத் திறக்கிறாள். அப்போஸ்தலர் 9-ஆம் அதிகாரத்தைப் பிரசங்கிக்கிறவர்கள், பேதுரு அந்த அறைக்குள் நுழைந்தவுடன் கண்ட காட்சியை இரண்டு வாக்கியங்களில் கடந்துபோய்விடுவதுண்டு. விதவைகள் அழுதுகொண்டு நிற்கிறார்கள். அவள் தங்களோடிருந்த நாட்களில் செய்துகொடுத்த அங்கிகளையும் வஸ்திரங்களையும் அவனுக்குக் காண்பிக்கிறார்கள். 39-ஆம் வசனத்தில் 'காண்பித்தல்' என்பதற்கு லூக்கா கையாளும் கிரேக்க வினைவடிவம், தங்கள்மேல் இருப்பதைக் காட்டுதல் என்றும் பொருள்படக்கூடியது. மடித்து வைத்திருந்தவற்றை எடுத்து வந்து காட்டவில்லை, உடுத்தியிருந்தவற்றையே காட்டினார்கள் என்று வேத பண்டிதர் சிலர் கொள்கிறார்கள். 'செய்தாள்' என்ற சொல்லும் ஒருமுறை செய்து முடித்ததைச் சொல்லாமல், செய்துகொண்டே இருந்ததைச் சொல்லும் காலத்தில் அமைந்திருக்கிறது.

ஆலைகள் இல்லாத காலம் அது. ஒரு தறிக்கு வேண்டிய நூலைத் தருவதற்குப் பலர் உட்கார்ந்து நூற்க வேண்டும். நெய்வதைக்காட்டிலும் நூற்பதே நெடுநேரம் பிடிக்கும் வேலை. விதவையின் வஸ்திரத்தை அடகாக வாங்கலாகாது என்று உபாகமம் 24-ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறதென்றால், ஒரு வஸ்திரத்தின் மதிப்பு எத்தகையது என்று எண்ணிப் பாருங்கள். தபீத்தாள் பேசிய ஒரு வார்த்தையையும் லூக்கா எழுதி வைக்கவில்லை. ஆனால் சீஷன் என்ற சொல்லின் பெண்பால் வடிவம் புதிய ஏற்பாடு முழுவதிலும் ஒரே இடத்தில் வருகிறது; அது இவளைக் குறித்தே.

திருவருகைக் காலம் நெருங்கிக்கொண்டிருக்கிறது. சீட்டெடுத்து ஒருவருக்கொருவர் அன்பளிப்புக் கொடுக்கும் வழக்கத்தைப்பற்றிப் பெண்கள் ஐக்கிய சங்கத்தாரும் வாலிபர்களும் பேசத் தொடங்கியிருக்கிறார்கள். அதைக் குறித்து என் கருத்தை முன்னமே சொல்லிவிட விரும்புகிறேன். 'இத்தனை ரூபாய்க்குக் குறையாமல்' என்ற வரி நமது அறிவிப்பில் இருக்கக் கூடாது. கையால் செய்த பொருளைக் கொடுக்கிறவர் கூச்சமின்றிக் கொடுக்கும்படி நாம் இடம் உண்டாக்க வேண்டும். ஏழைகளுக்குச் சலுகை காட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. கையால் செய்து கொடுப்பதில் ஓர் இன்பம் உண்டு. அதை நம் பிள்ளைகள் அறியாமலே வளர்ந்துவிடக் கூடாதென்பதே என் கவலை.

அது எத்தகைய இன்பம்? 1 சாமுவேல் 2-ஆம் அதிகாரம் 19-ஆம் வசனத்தைத் தையல் தெரிந்த ஒருவர் வாசித்தால் உடனே ஒரு கேள்வி எழும்: அன்னாளுக்கு அளவு எப்படித் தெரிந்தது? பால் மறந்த பிள்ளையைச் சீலோவில் விட்டுவிட்டு வந்துவிட்டாள். அவள் வீடு ராமாவில் இருக்கிறது. வருஷாந்தரப் பலிக்காகப் புருஷனோடு போகும்போது மகனுக்கு ஒரு சின்னச் சட்டையைக் கொண்டுபோகிறாள். அங்கே போய் அளவெடுத்துத் தைக்கவில்லை; தைத்து எடுத்துக்கொண்டு போகிறாள். அப்படியானால், கண்ணெதிரே இல்லாத பிள்ளை எவ்வளவு வளர்ந்திருப்பான் என்று அவள் மாதக்கணக்காக மனதுக்குள் அளந்துகொண்டே இருந்திருக்க வேண்டும். தெருவில் அதே வயதுப் பிள்ளைகள் ஓடும்போது அவர்கள் கையின் நீளத்தைப் பார்த்திருப்பாள். போன வருஷத்துச் சட்டை தோளில் பிடித்ததா, தளர்ந்திருந்ததா என்று நினைத்துப் பார்த்திருப்பாள். நம் தாய்மார் பள்ளிச் சீருடையில் செய்வதுபோல், பிரித்துவிட வசதியாக ஒரு மடிப்புக் கூடுதலாக வைத்துத் தைத்திருப்பாள். இவையெல்லாம் வேதத்தில் எழுதப்படவில்லை. தைக்கிறவர்களுக்கு எழுதிக் காட்ட வேண்டியதுமில்லை.

கடையில் பரிசு வாங்கும்போது நாம் அந்த மனிதரை ஐந்து நிமிடம் நினைக்கிறோம். பெரும்பாலும் விலையைத்தான் நினைக்கிறோம். கையால் செய்யும்போதோ அவரை விட்டு மனம் விலக முடியாது. அவருக்கு எந்த நிறம் பிடிக்கும், கை நடுங்குமா, கண் மங்கலா, எங்கே வைத்துப் பயன்படுத்துவார் என்று ஒவ்வொரு கட்டத்திலும் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. விரல்கள் ஒரு வேலையில் இருக்க, மனம் ஒரு சிநேகிதரோடு உட்கார்ந்திருக்கிறது. நெடுநேர ஜெபத்தை அறிந்தவர்களுக்கு இந்த அமைதி புதிதல்ல.

நான் முன்பு ஊழியம் செய்த சேகரம் ஒன்றில் 200 ரூபாய்க்குக் குறையாமல் என்ற விதி இருந்தது. நல்லெண்ணத்தோடு வைத்த விதிதான். ஒருவர் விலையுயர்ந்த பொருளைக் கொடுத்துவிட்டு அற்பமான ஒன்றைப் பெற்று மனம் நோகக் கூடாதென்று வைத்தார்கள். பனங்காட்டு ஊரொன்றிலிருந்து மருமகளாக வந்திருந்த ஓர் இளம் சகோதரிக்குச் சீட்டில் வந்த பெயர், முதிய தாய் ஒருவருடையது. அந்தத் தாய் மூக்குக்கண்ணாடியைக் கைக்குட்டையில் சுற்றி வைப்பார்கள். அடிக்கடி கீழே விழும். இந்தச் சகோதரி ஆராதனையின்போது பின்வரிசையிலிருந்து கண்ணாலேயே அளந்திருக்கிறார். பாட்டுப் புத்தகத்தின்மேல் மடித்து வைத்தால் கண்ணாடி புத்தகத்தின் அகலத்தில் முக்கால் பங்கு வருகிறது. தம்முடைய புத்தகத்தை அளந்து பார்த்து, அந்தக் கணக்கில் ஒரு கண்ணாடிக் கூடு முடைந்தார்.

ஓலை வேலையைப் பார்த்தவர்கள் அறிவார்கள், அது அவசரத்துக்கு இணங்காது. குருத்தோலையை வெயிலில் உலர்த்தி, ஈர்க்கை நீக்கி, ஒரே அகலத்தில் கிழிக்க வேண்டும். ஒரு கீற்று மற்றொன்றைவிட நூலளவு அகன்றிருந்தாலும் நாலு வரிசைக்கப்பால் கோணல் தெரிந்துவிடும். சாயம் ஏற்ற வேண்டிய கீற்றுகளைக் கொதிநீரில் இட்டு எடுக்க வேண்டும். அடியிலிருந்து பின்னத் தொடங்கி, மூலையில் ஓலையை மடக்கித் திருப்பி மேலேற்றும்போதுதான் கைத்திறன் தெரியும். விளிம்பை இரட்டையாக மடித்துக் கட்டினால் வேலை முடிந்தது. இவர் தமது ஆச்சியிடம் கற்றவர். உள்ளே கண்ணாடியில் கீறல் விழாதபடி பழைய மெல்லிய துணியை ஒட்டியுமிருந்தார்.

பண்டிகைக்கு முந்தின ஞாயிறு அறிவிப்பில் 200 ரூபாய் விதி மறுபடியும் வாசிக்கப்பட்டது. அந்தச் சகோதரி கிறிஸ்துமஸ் மாலைக்கு வரவில்லை. உடல்நலமில்லை என்று சொல்லியனுப்பினார். ஜனவரியில் வீட்டுச் சந்திப்புக்குப் போனபோதுதான் பேச்சோடு பேச்சாக விஷயம் வெளிப்பட்டது. கூடு அலமாரியின்மேல் இருந்தது. நாங்கள் இருவருமாக அதை எடுத்துக்கொண்டு அந்தத் தாயின் வீட்டுக்குப் போனோம். அவர்கள் கண்ணாடியை உள்ளே வைத்து மூடினார்கள், திறந்தார்கள், மறுபடியும் மூடினார்கள். பிறகு, "என் கண்ணாடியை நீ தொட்டதே இல்லையே மகளே, எப்படி அளந்தாய்?" என்று கேட்டார்கள்.

கைவேலை நம் சபைகளுக்குப் புதியதன்று. 1819-ல் நாகர்கோவிலுக்கு வந்த மிஷனெரி சார்லஸ் மால்ட் ஐயரின் துணைவியார் மார்த்தா அம்மையார் அங்கே பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்பித்தார். அவருடைய மகள் எலிசா 1844-ல் கால்டுவெல் ஐயரை மணந்து, அந்த வேலையை இடையன்குடிக்குக் கொண்டுவந்தார். தலையணையின்மேல் துளையிட்ட அட்டையைப் பொருத்தி, குண்டூசிகளைக் குத்தி, சிறு கட்டைகளில் சுற்றிய நூலை இரண்டிரண்டாக மாற்றி முறுக்கிப் பின்னும் நுண்மையான வேலை அது. திருவிதாங்கூரில் அடிமை முறை 1855-ல்தான் சட்டப்படி ஒழிந்தது. அதற்கு முன்னமே, அடிமைப்பட்டிருந்த பெண்கள் சிலர் லேஸ் வேலையில் சேர்த்த பணத்தைக் கொடுத்துத் தங்கள் விடுதலையைப் பெற்றதாக அந்த ஊழிய வரலாறு சொல்கிறது. ஆகையால் விற்பனைக்காகச் செய்யும் கைவேலையை இழிவாகப் பேச எனக்கு வாய் வராது.

எனினும் அந்த மரபின் ஒரு பாதியைத்தான் நாம் காத்து வருகிறோம் என்று நினைக்கிறேன். கைவேலை என்றாலே நமக்கு ஸ்தோத்திரப் பண்டிகை ஏலம், கட்டட நிதி, ஏழைப் பெண்களுக்கு ஒரு பிழைப்பு. எல்லாம் தேவையானவையே. ஆனால் விலைபோகாத, ஒரே ஒருவருக்கென்று செய்யப்பட்ட, வேறொருவருக்குப் பொருந்தவே பொருந்தாத பொருளுக்கு நம் சபை வாழ்வில் இடமில்லாமற் போயிற்று. குருத்தோலை ஞாயிறன்று நம் சிறுபிள்ளைகள் ஓலையில் சிலுவை மடித்துப் பக்கத்திலிருக்கும் தோழனுக்குக் கொடுக்கிறார்களே, அதுவொன்றே மிச்சம்.

கையால் செய்த எல்லாமே அருமையானவை என்று நான் வாதிக்கவில்லை. 23-ஆம் சங்கீதம் எழுதிய தெர்மாக்கோல் பலகைகள் என் வாசிப்பு அறையில் நான்கு இருக்கின்றன. அன்போடு தந்தவையே, நான் எங்கு மாற்றலாகிப் போனாலும் கூடவே வருகின்றன. ஆனால் அவை 'போதகருக்கு' என்று செய்யப்பட்டவை. எந்தப் போதகருக்கும் பொருந்தும். மறுபக்கம், கடையில் வாங்கினாலும் ஆளறிந்து வாங்குகிறவர்கள் உண்டு. வலது தோள் வலிக்கிற ஒருவருக்கு எடை குறைந்த குடையைத் தேடி மூன்று கடை ஏறி இறங்கிய வாலிபனை எனக்குத் தெரியும். அவன் கையில் ஊசியில்லை, அவ்வளவுதான்.

ஒரு நியாயமான மறுப்பும் உண்டு. வேலைக்கும் போய், சமையலும் பார்த்து, பிள்ளைகளின் பாடத்தையும் கவனிக்கிற பெண்களிடம், 'இனிப் பரிசையும் நீங்களே செய்யுங்கள்' என்று ஒரு போதகர் சொன்னால் அது இரக்கமற்ற பேச்சு. அந்தச் சுமையை யார்மேலும் நான் வைக்கவில்லை. விரும்பாதவர் செய்ய வேண்டாம். மேலும், இது பெண்களுக்கே உரிய வேலை என்று எங்கே எழுதியிருக்கிறது? தேவ ஆவியினால் நிரப்பப்பட்டதாக வேதம் முதன்முதலில் பெயர் குறித்துச் சொல்லும் மனிதன் பெசலெயேல். அவன் தீர்க்கதரிசியுமல்ல, ராஜாவுமல்ல, கைவினைஞன். அவனும் அகோலியாபும் சித்திரத்தையல் வேலையும் நெசவும் அறிந்திருந்தார்கள் என்று யாத்திராகமம் 35-ஆம் அதிகாரத்தின் முடிவில் வாசிக்கிறோம். பவுல் கூடாரம் பண்ணினான். நம் கடற்கரைச் சபைகளின் ஆண்கள் வலை பின்னும் விரல்களை நீங்கள் பார்த்ததில்லையா?

ஆகவே இந்த ஆண்டு சீட்டெடுப்பதை நவம்பர் முதல் ஞாயிறன்றே வைத்துக்கொள்ளலாம் என்று கமிட்டியாரிடம் கேட்டிருக்கிறேன். செய்வதற்கு நாள் வேண்டுமல்லவா. விலையைப்பற்றிய வரி அறிவிப்பில் இராது. ஓலை முடையத் தெரிந்த மூத்த தாய்மார் மூவர் சனிக்கிழமை மாலைகளில் ஞாயிறுபள்ளி அறையில் இருக்கச் சம்மதித்திருக்கிறார்கள். ஓலையை முந்தின இரவே ஈரத்துணியில் சுற்றி வைத்துவிட்டுக் கொண்டுவரும்படி சொல்லச் சொன்னார்கள். இல்லாவிட்டால் மூலை மடக்கும்போது ஒடிந்துவிடுமாம். ஆண்கள் வரும்போது ஈர்க்கு நீக்கக் கூரான சிறு கத்தியொன்றும் எடுத்துவரவும்.