'தடை செய்யப்படாதது' என்றால் 'பாதுகாப்பானது' என்று பொருளா?

ஐரோப்பிய நகரங்களின் புகையிலைக் கடைகளிலும் தானியங்கி விற்பனை எந்திரங்களிலும் 2022-ஆம் ஆண்டில் ஒரு புதிய சரக்கு இடம்பிடித்தது. பழச்சுவை ஊட்டிய மிட்டாய், மின்-சிகரெட், மேலே தெளிக்கப்பட்ட கஞ்சாப் பூ எனப் பல வடிவங்களில் அது வந்தது. கஞ்சாவைப் போன்றே போதை தரும், ஆனால் சட்டத்துக்கு உட்பட்டது என்பதே அதன் விளம்பரம். ஹெக்சாஹைட்ரோகன்னாபினால், சுருக்கமாக எச்எச்சி, என்பது அதன் பெயர். அந்த விளம்பரத்தின் இரண்டாவது பாதியைத்தான் நாம் கூர்ந்து நோக்க வேண்டும் என்பது என் கருத்து.

எச்எச்சி புதிய கண்டுபிடிப்பு அன்று. அமெரிக்க வேதியியலர் ரோஜர் ஆடம்ஸ் 1940-களிலேயே அதை ஆய்வகத்தில் உருவாக்கிவிட்டார். ஏறத்தாழ 80 ஆண்டுகள் ஏடுகளில் உறங்கிய அப்பொருளைச் சந்தைக்கு அழைத்து வந்தது அறிவியல் அன்று. ஒரு சட்டத்தின் சொற்கள். போதை தரும் டெல்டா-9 டிஎச்சி உலர்எடையில் 0.3 சதவீதத்துக்கு மேற்படாத கஞ்சா வகையை 'ஹெம்ப்' என வரையறுத்து, அதைப் பயிரிட 2018-இல் அமெரிக்க வேளாண் சட்டம் அனுமதித்தது. விவசாயிகள் ஆர்வத்துடன் பயிரிட்டனர். அதிலிருந்து எடுக்கப்படும், போதை தராத சிபிடி என்ற பொருள் சந்தையில் குவிந்தது, விலை சரிந்தது. தேங்கிய சரக்கை என்ன செய்வது என்ற கேள்விக்கு வேதியியல் விடை தந்தது.

சிபிடியை அமிலத்துடன் வினைபுரியச் செய்தால் டிஎச்சி கிடைக்கும். அதனுடன் பல்லேடியம் போன்ற உலோக வினையூக்கியின் உதவியால் ஹைட்ரஜனைச் சேர்த்தால் எச்எச்சி கிடைக்கும். தொடக்கம் செடியில், முடிவு ஆலையில். இதனாலேயே இது 'பகுதிச் செயற்கை' கன்னாபினாய்டு எனப்படுகிறது. செடியில் இது மிக நுண்ணிய அளவிலேயே உள்ளது. கடைக்கு வரும் சரக்கு அனைத்தும் ஆலையில் ஆனதே. ஆயினும் விற்பனையாளர்கள் தொடக்கத்தை மட்டும் சொல்லி 'இயற்கை' என்கிறார்கள்.

மூளையில் டிஎச்சி செயல்படும் அதே ஏற்பிகளில்தான் எச்எச்சியும் செயல்படுகிறது. மிதப்பு, தளர்வு, கால உணர்வின் மாற்றம் ஆகியவற்றோடு பதற்றம், படபடப்பு, குழப்பம் போன்ற தீய விளைவுகளும் பதிவாகியுள்ளன. இதைப் பயன்படுத்தியோரிடையே மனச்சிதைவு போன்ற அறிகுறிகள் தோன்றியதை அயர்லாந்தின் மனநல மருத்துவர்கள் எச்சரிக்கையாகவே வெளியிட்டனர். மனிதர்களிடம் முறையாக நடத்தப்பட்ட ஆய்வுகளோ மிகச் சொற்பம்.

அளவு பற்றிய சிக்கல் தனியானது. தயாரிப்பின்போது எச்எச்சி இரு வடிவங்களில் உருவாகிறது. அவற்றுள் ஒன்று வீரியம் மிக்கது, மற்றது மிகவும் வலுக்குறைந்தது. இரண்டின் விகிதம் தயாரிப்பு முறைக்கேற்ப மாறும். ஆகவே ஒரே எடை குறிக்கப்பட்ட இரு பொட்டலங்கள் ஒரே அளவு போதையைத் தர வேண்டும் என்பதில்லை. மிட்டாயாக உண்ணும்போது விளைவு தெரிய ஒன்றிரண்டு மணி நேரம்கூட ஆகலாம். 'ஒன்றும் ஆகவில்லையே' என்று மேலும் ஒன்றை வாயில் இடுபவரே பெரும்பாலும் மருத்துவமனைக்குப் போகிறார். எஞ்சிய உலோகத் துகள்கள், வினையின் துணைப்பொருள்கள் ஆகியவற்றை யார் சோதிக்கிறார்கள் என்பதற்கும் உறுதியான விடையில்லை. சோதிக்கப்படாத மின்-சிகரெட் திரவம் என்ன செய்யும் என்பதை 2019-20-இல் அமெரிக்கா கண்டது. எச்எச்சியுடன் தொடர்பில்லாத அந்நிகழ்வில், முக்கியமாக வைட்டமின் இ அசிட்டேட் என்ற கலப்படத்தால் 2,807 பேர் நுரையீரல் பாதிப்புடன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். 68 பேர் உயிரிழந்தனர்.

அரசுகள் வாளாவிருக்கவில்லை. பிரான்ஸ் 2023 ஜூனிலும் ஜெர்மனி 2024 ஜூனிலும் எச்எச்சியைத் தடை செய்தன. இதில் ஜெர்மனியின் முடிவு சிந்திக்கத்தக்கது. வயது வந்தோர் குறிப்பிட்ட அளவு கஞ்சாவை வைத்திருக்க அந்நாடு அனுமதித்தது அதே ஆண்டு ஏப்ரலில்தான். அதாவது, கேள்வி கஞ்சா நல்லதா கெட்டதா என்பதன்று. என்னவென்று தெரியாத ஒன்றை விற்கலாமா என்பதே. உலக சுகாதார அமைப்பின் நிபுணர் குழுவின் பரிந்துரைப்படி, ஐ.நா. போதைப்பொருள் ஆணையம் 2025 மார்ச்சில் எச்எச்சியை 1971-ஆம் ஆண்டு உளப்பிறழ்வுப் பொருள்கள் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர்த்தது. 1975-இல் அந்த உடன்படிக்கையில் இணைந்த இந்தியாவுக்கும் இதனால் கடமை உண்டு.

இதோடு சிக்கல் தீர்ந்ததா என்றால், ஜப்பானின் அனுபவம் இல்லை என்கிறது. அங்கே 2022 மார்ச்சிலேயே எச்எச்சி தடை செய்யப்பட்டது. உடனே அதன் உறவுக்காரப் பொருள்கள் கடைக்கு வந்தன. 2023 நவம்பரில் டோக்கியோவின் பூங்கா ஒன்றில் நடந்த விழாவில் பகிரப்பட்ட மிட்டாயை உண்டவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அதிலிருந்தது எச்எச்சிஎச் என்ற, அன்று வரை பட்டியலில் இல்லாத பொருள். மூலக்கூறின் வாலில் ஒரு கார்பன் கூடியிருந்தது; அதுபோதும், சட்டத்தின் கண்ணுக்கு அது வேறு பொருள். அடுத்த மாதமே அதைத் தடை செய்த அரசு, 2024 ஜனவரியில் ஒத்த அமைப்புள்ள பொருள்களை ஒரு குடும்பமாகவே தடைக்குள் கொண்டுவந்தது. பெயர் பெயராகத் துரத்துவது பயனற்றது என்பதை அந்நாடு அறிந்துகொண்டது.

குடும்பமாகத் தடை செய்தாலும் போதாது. போதை தரும் எப்பொருளையும் மனிதர் உட்கொள்வதற்காக விற்பது குற்றம் என 2010-லேயே சட்டம் இயற்றிய அயர்லாந்தில்கூட, எச்எச்சியைப் பெயர் குறித்துத் தடை செய்ய 2025 ஜூலை வரை காலம் பிடித்தது. சட்டத்தின் வீச்சு பெரிதாக இருந்தும், அதை நடைமுறைப்படுத்தும் கை வலுவாக இல்லாவிடில் பயனில்லை.

தடை கள்ளச் சந்தையையே வளர்க்கும் என்பார்கள். அந்த வாதத்தில் உண்மை உண்டு. பயன்படுத்தும் இளைஞரைச் சிறைக்கு அனுப்புவது தீர்வாகாது என்பதையும் ஏற்கிறேன். ஆனால் கட்டுப்பாடற்ற வெளிச்சந்தை அதற்கு மாற்றாகாது. உணவுக்கும் மருந்துக்கும் பொருந்தும் எளிய நியதி இங்கும் பொருந்த வேண்டும்: விற்பவரே அது தூய்மையானது, பாதுகாப்பானது என்று முன்கூட்டியே நிறுவ வேண்டும். இன்று நிலைமை தலைகீழ். தீங்கு விளைவிக்கும் என்று அரசு நிறுவும் வரை விற்கலாம். நிறுவியதும் அடுத்த பொருளுக்கு மாறலாம். இடைப்பட்ட காலத்தில் வாங்குபவரே சோதனை எலி. அமெரிக்காவும் இதை உணர்ந்து, செடிக்கு வெளியே தயாரிக்கப்பட்ட கன்னாபினாய்டுகளை ஹெம்ப் வரையறையிலிருந்து நீக்கும் சட்டத்தை 2025 நவம்பரில் இயற்றியது; அது நடைமுறைக்கு வர ஓராண்டு அவகாசமும் தந்தது. ஓட்டையைத் திறந்த சட்டத்தை அடைக்க ஏழு ஆண்டுகள்.

பட்டியலில் இல்லை என்பது ஒரு பொருளைப் பற்றிய நற்சான்றிதழ் அன்று. அதை இன்னும் எவரும் ஆராய்ந்து முடிக்கவில்லை என்பதன் அடையாளம் மட்டுமே. இந்த வேறுபாட்டைக் கடைக்காரர் சொல்லமாட்டார். பள்ளியும் பெற்றோரும் ஊடகமும்தான் சொல்ல வேண்டும்.