மனம் மாறியவர்களின் வக்கீல்

ஹர்மீத் தில்லான் 1969-ல் சண்டிகாரில் பிறந்தவர். தகப்பனார் எலும்பு முறிவு டாக்டர். சிறுமியாக இருந்தபோதே குடும்பம் அமெரிக்காவில் குடியேறியது. அங்கே சட்டம் படித்த தில்லான், 2006-ல் சான் பிரான்சிஸ்கோவில் சொந்தமாக வக்கீல் நிறுவனம் தொடங்கினார். குடியரசுக் கட்சியிலும் பிரபலமானார்.

2023-ல் அவர் தரப்பு தொடுத்த வழக்கு ஒன்று நாடெங்கும் பேச்சாயிற்று. வழக்குப் போட்டவர் குளோயி கோல் என்ற இளம்பெண். ஆணாக மாற விரும்பி, 13 வயதில் மருந்து சாப்பிட ஆரம்பித்தார். 15 வயதில் ஆபரேஷன் செய்து மார்பகங்கள் அகற்றப்பட்டன. பிறகு மனம் மாறி, பெண்ணாகவே வாழத் திரும்பிவிட்டார்.

கையெழுத்து போதுமா?

சிகிச்சைக்குச் சம்மதம் வாங்கியிருந்தார்கள். ஆனால் ஆபத்துகளை எடுத்துச் சொல்லாமல் வாங்கிய சம்மதம் செல்லுமா? இதுதான் வழக்கின் உயிர்நாடி. இந்தச் சிகிச்சையால் நன்மை அடைந்தவர்கள் உண்டு என்று அமெரிக்காவின் பெரிய டாக்டர் சங்கங்கள் பல சொல்லி வந்தன. ஆகவே, சிகிச்சை நல்லதா என்பது ஒரு கேள்வி. உள்ளதை உள்ளபடி சொன்னார்களா என்பது வேறு கேள்வி. கோர்ட்டில் வக்கீல் பிடித்துக்கொள்வது இரண்டாவதைத்தான்.

கெடு என்னும் தடை

கலிபோர்னியாவில் மருத்துவத் தவறு வழக்குகளைப் பொதுவாக 3 ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும். மனம் மாறவே சிலருக்குப் பல ஆண்டுகள் ஆகின்றன. அதற்குள் கோர்ட்டுக் கதவு மூடிவிடுகிறது.

2025-ல் தில்லான் அமெரிக்க நீதி இலாகாவில் சிவில் உரிமைப் பிரிவின் தலைவரானார். அவர் எழுப்பிய கேள்வி எல்லாக் குடும்பங்களுக்கும் உரியது: பிள்ளைக்காகக் கையெழுத்துப் போடுமுன், எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டோமா?