கூரை மட்டும் வீடாகுமா?

யாழ்ப்பாணத்தில் ஒரு பெண் கணவனிடம் அடிபட்டு, வைத்தியசாலை, பொலிஸ் நிலையம், நீதிமன்றம் என்று அலைந்து, ஏதோ ஒரு பாதுகாப்பு இல்லத்தில் சில வாரங்கள் தங்கியிருந்துவிட்டு, ஈற்றில் அதே கணவனிடம் திரும்பிப் போனால் ஊர் உடனே ஒரு தீர்ப்பை எழுதிவிடுகிறது. "அவளுக்கு அவனில்லாமல் இருக்கேலாது. இதுக்கை நாங்கள் ஏன் தலையிடுவான்?" இப்படிச் சொல்பவர்களில் படித்தவர்களும் இருக்கிறார்கள். பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களும் இருக்கிறார்கள்.

இந்தத் தீர்ப்புப் பிழையானது. பெரும்பாலான சமயங்களில் அவள் திரும்பிப் போவது அவனிடமல்ல. அடுப்பு இருக்கும் இடத்துக்குப் போகிறாள். பிள்ளை படுத்துறங்கும் கட்டிலும், அடுத்த மாதம் சாதாரண தரப் பரீட்சை எழுதவிருக்கும் மகளின் மேசையும், வயிற்றுப்பாட்டுக்கு வழிசெய்யும் தையல் இயந்திரமும் இருக்கும் இடத்துக்குப் போகிறாள். அவையெல்லாம் அவன் இருக்கும் வீட்டிலேயே இருக்கின்றன என்பதுதான் அவளுடைய கேடு. அந்தக் கேட்டை நீக்கக்கூடியவர்கள் நாம். நாமோ அவளுடைய மனவுறுதியை அளந்துகொண்டிருக்கிறோம்.

இது எங்கோ ஒரு மூலையில் நடக்கும் காரியமன்று. இலங்கைத் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2019 இல் நடத்திய பெண்கள் நலன் பற்றிய ஆய்வின்படி, துணைவனோடு வாழ்ந்த பெண்களில் 20.4 வீதமானோர் தம் வாழ்நாளில் ஒரு தடவையேனும் அவனுடைய உடல்ரீதியான அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளாகியுள்ளனர். அதாவது ஐந்தில் ஒருத்தி. ஒரு கலியாண வீட்டுப் பந்தியில் நிரையாக அமர்ந்திருக்கும் பெண்களை ஐந்து ஐந்தாக எண்ணிப் பாருங்கள். நமது நாளேடுகளோ இன்னமும் இதனைக் 'குடும்பத் தகராறு' என்றே எழுதுகின்றன. தகராறு என்றால் இருவர் சேர்ந்து செய்வது. ஒருவர் அடிக்க மற்றவர் விழுவதற்கு அந்தச் சொல் பொருந்தாது.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், பாதிக்கப்பட்டவர் நேரடியாகவோ அவர் சார்பில் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவரோ நீதிவான் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம். முதலில் 14 நாட்கள் வரையிலான இடைக்காலப் பாதுகாப்புக் கட்டளை. பின்னர் விசாரணையின் பேரில் 12 மாதங்கள் வரையிலான கட்டளை. அடித்தவன் அந்த வீட்டுக்குள் நுழையக்கூடாது என்று நீதிவான் தடுக்கலாம். குடும்பம் வாழ்ந்த வீட்டை விற்றோ ஈடுவைத்தோ அவளை நடுத்தெருவில் விடக்கூடாது என்று உத்தரவிடலாம். அவசரப் பண உதவி வழங்கும்படி பணிக்கலாம். கட்டளையை மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபா வரை தண்டம், அல்லது இரண்டும்.

ஏட்டில் இத்தனையும் இருக்க, நடைமுறையில் வீட்டை விட்டு இறங்குவது யார்? அடித்தவனா? அடிபட்டவள்தான் இரண்டு பிள்ளைகளையும் ஒரு பையையும் தூக்கிக்கொண்டு படலையைத் தாண்டுகிறாள்.

இதில் யாழ்ப்பாணத்துக்கே உரிய ஒரு வெட்கக்கேடு உண்டு. உலகின் பல சமூகங்களில் பெண்ணுக்குச் சொந்த வீடு கிடையாது. கணவன் வீட்டுக்கு வாழப்போன இடத்தில் அவள் என்றும் விருந்தாளிதான். நமது வழக்கம் அப்படியன்று. 1707 இல் ஒல்லாந்தர் எழுத்தில் தொகுத்த தேசவழமையிலேயே முதுசம், சீதனம், தேடிய தேட்டம் என்று சொத்து வகுக்கப்பட்டிருக்கிறது. மகளுக்குச் சீதன வீடு கொடுப்பது இன்றும் நம் பெற்றோரின் வாழ்நாள் இலட்சியம். அதற்காகவே தகப்பன் கொழும்பிலும் கடல் கடந்த தேசங்களிலும் உழைத்தான். அதற்காகவே அண்ணன்மார் தம் கலியாணத்தைத் தள்ளிப்போட்டார்கள். சீதன உறுதியில் பெண்ணின் பெயர் இருக்கிறது. அந்த வீட்டின் அலுமாரியும் கட்டிலும் குத்துவிளக்கும்கூட அவளைப் பெற்றவர்கள் வாங்கி வைத்தவையே.

அப்படியிருக்க, தன் தகப்பன் கட்டிய வீட்டிலிருந்து, தன் பெயரில் உறுதியுள்ள வீட்டிலிருந்து, நள்ளிரவில் அவள் ஏன் ஓட வேண்டும்? ஓடிய பின் அந்தக் கட்டிலில் அவன் ஏன் படுத்திருக்க வேண்டும்?

சட்டத்திலும் ஒரு முடிச்சு இருக்கிறது. 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, மணமான பெண் தன் சொந்த அசையாச் சொத்தையேனும் கணவனின் எழுத்து மூலமான சம்மதமின்றிக் கைமாற்ற முடியாது. கணவன் கைவிட்டுப் போனாலோ, பிரிந்து வாழ்ந்தாலோ, நியாயமின்றிச் சம்மதத்தை மறுத்தாலோ மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதியை நாடலாம். அடிபட்ட உடம்போடு, கையில் காசின்றி, இன்னொரு வழக்கையும் அவள் தொடுக்க வேண்டுமாம். தன் வீட்டை விற்று வேறு ஊரில் ஒரு சிறு வீடு வாங்கிப் பிழைக்க விரும்பினாலும், அடித்தவனின் கையொப்பத்துக்கு அவள் காத்திருக்க வேண்டியிருக்கிறது. நூறு ஆண்டுகளுக்கும் மேலாக நாம் இதைச் சுமந்துகொண்டிருக்கிறோம். தேசவழமை நமது தனித்துவம் என்று மேடையில் முழங்குகிறவர்கள் இந்த ஒரு பிரிவைப் பற்றி வாய் திறப்பதில்லை.

வீட்டிலேயே இருக்க முடிந்தவள் இருக்கட்டும். வெளியேறுவதைத் தவிர வேறு வழியில்லாதவள் என்ன செய்வாள்? பாதுகாப்பு இல்லங்கள் இருக்கின்றன. அவற்றை நடத்துவோர் பாராட்டுக்குரியவர்கள். 1971 இல் இலண்டன் சிஸ்விக்கில் அடிபட்ட பெண்களுக்கென ஒரு புகலிடம் திறக்கப்பட்டதிலிருந்து உலகெங்கும் இத்தகைய இல்லங்கள் எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கின்றன. ஆயினும் புகலிடம் என்பது புயலுக்கு ஒதுங்கும் இடம். அங்கே எவரும் குடியிருக்க முடியாது. ஒரு நாள் அவள் அங்கிருந்தும் இறங்கியாக வேண்டும். எங்கே இறங்குவாள்?

வாடகைக்கு ஓர் அறை கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். "அவர் எங்கை?" என்ற முதற் கேள்வியையும் "ஆற்றை மோள்?" என்ற இரண்டாவது கேள்வியையும் தாண்டி, முற்பணமும் கட்டி, சாவியை வாங்கிவிட்டாள். கதவைத் திறந்தால் நான்கு சுவரும் சீமெந்துத் தரையும். அன்றிரவு பிள்ளைகள் எதன்மேல் படுப்பார்கள்? காலையில் தேநீருக்கு எதில் தண்ணீர் கொதிக்கும்? கிணற்றடிக்கு வாளி உண்டா? நுளம்பு வலை உண்டா? கதவின் தாழ்ப்பாள் பூட்டுமா? முற்றத்தில் விளக்கு எரியுமா? இருட்டில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றால் வந்தது யாரென்று பார்க்க அவளுக்கு அந்த வெளிச்சம் வேண்டும்.

2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் ஒரு காஸ் அடுப்பும் சிலிண்டரும், இரண்டு கட்டிலும் மெத்தையும், சோற்றுப் பானையும் சட்டிகளும் வாங்குவதென்றால் கூலிக்கு வேலை செய்யும் பெண்ணுக்கு எத்தனை மாத உழைப்பு என்று கணக்குப் பாருங்கள். மூன்றாம் நாள் இளைய பிள்ளை "அம்மா, எங்கடை வீட்டை போவம்" என்று அழத் தொடங்கும். ஏழாம் நாள் உறவினர் வந்து, "பிள்ளை, குமர்ப்பிள்ளையையும் வைச்சுக்கொண்டு இந்த வெறும் வீட்டுக்கை என்ன செய்யப் போறாய்? கொஞ்சம் பொறுத்துப் போ" என்பார்கள். அவன் அழைக்கக்கூட வேண்டியதில்லை. வெறும் வீடே அவளைத் திருப்பி அனுப்பிவிடும்.

ஆகவேதான் சொல்கிறேன். தளபாடம் போட்ட, அடுப்பெரியும், கதவு பூட்டும் ஒரு வீடு அத்தகைய பெண்ணுக்கு வெறும் தருமமன்று, பாதுகாப்பு. நீதிவானின் கட்டளை அவனை வெளியே நிறுத்துகிறது. அவளை உள்ளே நிலைக்கச் செய்வது கட்டிலும் மேசையும் சோற்றுப் பானையுமே. கட்டளையின் ஆயுள் 12 மாதம். அதற்குள் அவள் வேரூன்றாவிட்டால் அந்தக் கட்டளையால் ஆகப்போவது சொற்பம்.

புலம்பெயர்ந்த வாசகர்களுக்கு இது புதிய செய்தியாக இருக்க நியாயமில்லை. நம்மவர்கள் பெருந்தொகையாக வாழும் ரொறன்ரோவில் 'பர்னிச்சர் பாங்க்' என்றொரு தொண்டு நிறுவனம் 1998 முதல் இயங்குகிறது. வசதியுள்ளோர் தாம் மாற்றும் நல்ல தளபாடங்களைக் கொடுக்கிறார்கள். வன்முறையிலிருந்து தப்பி வந்த பெண்களும், அகதிகளும், வீடற்றிருந்தவர்களும் அங்கே சென்று தமக்குப் பிடித்தவற்றைத் தாமே தெரிந்தெடுக்கிறார்கள். இந்தத் 'தாமே தெரிந்தெடுத்தல்' என்பதைக் கவனியுங்கள். திரைச்சீலை என்ன நிறம், மேசை வட்டமா சதுரமா என்று தீர்மானிக்கும் உரிமையைப் பல ஆண்டுகள் பறிகொடுத்திருந்த ஒருத்திக்கு, முதன்முதலாக ஒரு கதிரையைச் சுட்டி "இது எனக்கு வேணும்" என்று சொல்வது சின்னக் காரியமன்று.

இனி நம் ஊருக்கு வாருங்கள். வலிகாமத்திலும் வடமராட்சியிலும் ஒழுங்கைக்கு ஒழுங்கை பூட்டிக் கிடக்கும் வீடுகளைக் காணாதவர் யார்? சொந்தக்காரர் கனடாவில், சுவிசில், இலண்டனில். உள்ளே தேக்கு அலுமாரி, மெத்தை மேல் பொலித்தீன், மடித்து வைத்த கதிரைகள். வருடத்தில் ஒரு மாதம், நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தால், திறக்கப்படும். மிகுதிப் பதினொரு மாதமும் கறையான் தின்னும். வீடு சும்மா கிடக்கக்கூடாது என்று மாதச் சம்பளத்துக்குக் காவலுக்கு ஆள் வைக்கிறோம். ஒரு தாயையும் பிள்ளைகளையும் குடியிருத்தினால் விளக்கும் எரியும், கிணறும் இறைக்கப்படும் என்று நினைக்க மட்டும் நமக்கு மனம் வருவதில்லை.

இராசகோபுரம் வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. கோயில் கட்டிய சமூகம்தான் பள்ளிக்கூடமும் கட்டியது. ஆனால் பழைய மாணவர் சங்கங்களும் ஊர் ஒன்றியங்களும் ஆண்டுதோறும் வெளிநாட்டிலிருந்து திரட்டி அனுப்பும் பணத்தில், அடிபட்ட பெண்ணின் வீட்டுக்கென்று ஒரு வரி எந்தக் கணக்கறிக்கையில் இருக்கிறது? ஒரு நடுத்தரக் கலியாணத்தின் பூ அலங்காரத்துக்கும் வீடியோவுக்கும் கொடுக்கும் தொகையில் ஒரு சிறு குடும்பத்தின் குசினியை நிரப்பிவிடலாம்.

கொடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. உடைந்த கதிரையையும் கறை படிந்த மெத்தையையும் கழிப்பதற்கு இதனை வாய்ப்பாக்காதீர்கள். உங்கள் மகளின் வீட்டுக்கு வைக்கக் கூசும் பொருள் அவளுக்கும் வேண்டாம். அடுத்தது, நமது பழைய நோய். கோயிலில் ஒரு மின்குமிழைக் கொடுத்தாலும் 'உபயம்' என்று அதன் வெளிச்சத்தை மறைக்கும் அளவுக்குப் பெயரெழுதுகிறவர்கள் நாம். இங்கே உபயப் பெயர் வேண்டாம். பொருளைக் கையளிக்கும் புகைப்படம் வேண்டவே வேண்டாம். முகநூலில் நீங்கள் போடும் ஒரு படம், அவள் எங்கே இருக்கிறாள் என்று அவளைத் தேடுகிறவனுக்குக் காட்டிக்கொடுக்கும்.

"இவர்கள் குடும்பங்களைப் பிரிக்கிறார்கள்" என்று ஒரு கூச்சல் எழும். குடும்பத்தை முதல் அடி பிரித்துவிட்டது. நாம் செய்வது, பிரிந்ததில் மிஞ்சியதை வாழவைப்பது. தாயும் இரண்டு பிள்ளைகளும் குடும்பம் அல்லர் என்று எந்தத் திருமுறை சொல்கிறது? "போர், வறுமை, குடி, அவனும் பாவந்தானே" என்பார்கள் வேறு சிலர். போரையும் வறுமையையும் அவளும் கடந்துதான் வந்தாள். அவள் யாரையும் அடிக்கவில்லை. குடித்தவனும் தன் முதலாளியை அடிப்பதில்லை. யாரை அடிக்கலாம் என்பது வெறியிலும் அவனுக்குத் தெரிந்தே இருக்கிறது.

செய்யவேண்டியது மலையைப் புரட்டும் வேலையன்று. யாழ்ப்பாண மாவட்டத்தில் 15 பிரதேச செயலர் பிரிவுகள் உள்ளன. அங்கெல்லாம் பெண்கள் விவகாரங்களுக்கென உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். பிரிவுக்கு ஒரு தளபாடக் களஞ்சியம்; பெண்ணே வந்து தெரிந்தெடுக்கும் முறை; ஓராண்டுக்கு வாடகையின்றியோ குறைந்த வாடகைக்கோ தரப்படும் இரண்டு வீடுகள். வாடகை ஒப்பந்தமும் மின்பட்டியலும் அவள் பெயரில் இருக்க வேண்டும். பிள்ளையைப் புதிய பாடசாலையில் சேர்க்கவும், கிராம அலுவலரிடம் பதியவும், கொடுப்பனவு கோரவும் அந்தக் காகிதமே கேட்கப்படும். வீட்டைக் கொடுப்பவருக்கோ வீடு உரிய காலத்தில் திரும்பக் கிடைக்கும் என்று எழுத்தில் உறுதி வேண்டும். அதைச் செய்து தரச் சட்டத்தரணிகள் இந்த ஊரில் தாராளமாக இருக்கிறார்கள். 1911 ஆம் ஆண்டுச் சட்டத்தின் அந்தச் சம்மதப் பிரிவை நீக்கும்படி கேட்பதற்குப் பாராளுமன்றத்தில் நமது பிரதிநிதிகளும் இருக்கிறார்கள். கேட்பார்களா என்பதை வாக்களித்தவர்கள் விசாரிக்கட்டும்.

நம் ஊரில் புது வீடு குடிபூரும்போது பால் காய்ச்சுகிறோம். மணப்பெண்ணை வரவேற்க வாசலில் நிறைகுடம் வைக்கிறோம். உயிர் தப்பி, பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு வாடகை வீட்டின் படியேறும் பெண்ணைவிட அந்த நிறைகுடத்துக்குத் தகுதியானவர் யார்? அதை வைக்க ஐயரும் வேண்டாம், நாளும் பார்க்க வேண்டாம். உள்ளே அடுப்பில் ஒரு பானையும், கதவுக்கு ஒரு நல்ல பூட்டும் இருந்தால் போதும்.