அச்சிட்ட விலைக்குள்ளேயே நடக்கும் கொள்ளை

பெருந்தொற்றுக் காலத்து விலைக் கொள்ளை என்றதும், ரெம்டெசிவிர் குப்பியைக் கள்ளச்சந்தையில் விற்றுப் பிடிபட்டவர்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள். அவர்கள்மீது குண்டர் சட்டம் பாயும் என்று 2021 மே மாதம் தமிழக அரசு எச்சரித்தது சரியே. ஆனால் அதே வாரங்களில் இன்னொரு சுரண்டல் முறையாக பில் போட்டே நடந்தது. ஆக்சிஜன் செறிவூட்டிகளில் விநியோகஸ்தர் வாங்கும் விலைக்கு மேல் வைக்கப்பட்ட லாபம் 198 சதவீதம் வரை இருந்ததை மத்திய அரசே பிறகு ஒப்புக்கொண்டது. அந்தக் கணக்கில், 30,000 ரூபாய்க்கு விநியோகஸ்தர் வாங்கிய கருவி, மூச்சுத் திணறுகிறவரின் வீட்டுக்கு ஏறக்குறைய 90,000 ரூபாய்க்குப் போகலாம். யார்மீதும் வழக்கு வராது. எம்ஆர்பிக்கு மேல் விற்பதுதான் குற்றம். அந்த எம்ஆர்பியை எழுதுவதோ தயாரிப்பாளரும் இறக்குமதியாளரும். ஏற்கெனவே விற்பனையில் இருக்கும் கருவியின் விலையை ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாதென்று விதி உண்டு. புதிதாக வந்திறங்கும் பெட்டியின் முதல் விலைக்கு அப்படி எந்த வரம்பும் இல்லை.

இதற்கு மருந்து அரசின் கையிலேயே இருந்தது. 2019இல் 42 புற்றுநோய் மருந்துகளுக்கு வணிக லாபம் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாதென்று தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் உத்தரவிட்டிருந்தது. அதே அதிகாரத்தைச் செறிவூட்டிக்குப் பயன்படுத்தி 70 சதவீத வரம்பை விதித்தது 2021 ஜூன் 3 அன்று. இரண்டாம் அலை உச்சம் தொட்டு ஏறக்குறைய ஒரு மாதம் ஆகியிருந்தது. உத்தரவு வந்ததும் சில கருவிகளின் விலை 54 சதவீதம் வரை இறங்கியது. அவ்வளவு இறக்க இடமிருந்தது என்றால், ஏப்ரலில் வாங்கியவர்கள் கொடுத்த பணம் எதற்கு? முகக்கவசத்தில் நேர்ந்தது வேறு வகைத் தவறு. 2020 மார்ச்சில் அத்தியாவசியப் பொருளாக அறிவித்து, மூன்றடுக்குக் கவசத்துக்குப் 10 ரூபாய் என்று விலையும் நிர்ணயித்தார்கள். ஜூன் 30உடன் அந்தப் பாதுகாப்பு காலாவதியானது. முதல் அலையின் உச்சம் வந்ததோ செப்டம்பரில்.

விலைக்கு வரம்பு வைத்தால் சரக்கு மறைந்துவிடும், விலை ஏறினால்தான் உற்பத்தி பெருகும் என்பார்கள். இதைப் புறந்தள்ள முடியாது. மூலப்பொருள் விலை ஏறும்போது ஒரே தொகையில் விலையைக் கட்டிப்போட்டால் தயாரிப்பாளர் விலகிக்கொள்வார். அதனால்தான் வரம்பு இடைத்தரகு லாபத்துக்கு இருக்க வேண்டும் என்கிறேன். அடக்கவிலை ஏறினால் விற்பனை விலையும் நியாயமாக ஏறும். இறக்குமதியாளர் அடக்கவிலையையே கூட்டிக் காட்டினால், சுங்கத்துறை ஆவணத்தோடு ஒப்பிட்டால் போதும். ரெம்டெசிவிர் போன்ற மருந்தில் விலையேற்றம் உற்பத்தியை உடனே பெருக்கவும் செய்யாது. புதிய சரக்கு ஆலையிலிருந்து வெளிவரவே வாரக்கணக்கில் ஆகும். விலைக் கட்டுப்பாடு மட்டும் போதாது என்பதையும், சென்னை கீழ்ப்பாக்கத்தில் அரசே ரெம்டெசிவிர் விற்றபோது பார்த்தோம். மருந்துச் சீட்டு, பரிசோதனை அறிக்கை, ஆதார் நகல் ஆகியவற்றுடன் உறவினர்கள் மணிக்கணக்கில் வரிசையில் நின்றார்கள். பிறகு மருத்துவமனைகளுக்கே நேரடியாக மருந்தை அனுப்பும் முறை வந்தது. முதல் நாளிலிருந்தே அப்படித்தான் செய்திருக்க வேண்டும்.

அவசரகாலத்துக்கான பொருள்பட்டியலும் லாப வரம்பும் முன்கூட்டியே சட்டமாக இருக்க வேண்டும். சுகாதார நெருக்கடி அறிவிக்கப்படும் நாளில் அவை தாமாக அமலுக்கு வந்து, நெருக்கடி முடியும்வரை நீடிக்க வேண்டும். ஜூன் 3 உத்தரவின் வாசகம் கையிலேயே இருக்கிறது. அதை நிரந்தர விதியாக்க மத்திய அரசு இன்னொரு அலைக்காகக் காத்திருக்கக் கூடாது.