லாரித் தண்ணீரும் பொருளாதார சாஸ்திரமும்

பொருளாதாரம் என்ற சொல்லைக் கண்டதும் நம்மவர்களில் பலர் அந்தப் பக்கத்தை அவசரமாகப் புரட்டிவிடுகிறார்கள். அது பட்ஜெட் தயாரிக்கும் மந்திரிகளுக்கும், பங்குகளில் பணம் போட்டவர்களுக்கும் உரிய சாஸ்திரம் என்பது அவர்கள் எண்ணம். உண்மையில், கூடையும் கையுமாகக் கடைத்தெருவுக்குப் போய், "கத்தரிக்காய் இந்த விலையா? வேண்டாம், பூசணிக்காய் கொடு" என்று சொல்லும் ஒவ்வொரு குடும்பத் தலைவியும் அந்த சாஸ்திரத்தில் தேர்ந்தவளே. சாஸ்திரக்காரர்கள் சூட்டியுள்ள பெயர்கள் மட்டுமே அவளுக்குத் தெரியாதவை. அப்பெயர்களில் இரண்டை இந்த வாரம் வாசகர்களுக்கு அறிமுகப்படுத்த உத்தேசம். ஒன்று, உபரி, மற்றொன்று, நெகிழ்ச்சி. இரண்டையும் விளங்கிக்கொள்வதற்குச் சென்னைக்கு மேற்கே முகப்பேர் வரையில் போய்வந்தால் போதும்.

2019-ஆம் ஆண்டின் கோடையைச் சென்னைவாசிகள் எளிதில் மறந்திருக்க மாட்டார்கள். முந்திய ஆண்டின் மழை பொய்த்தது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஜூன் மாதத்தில் அநேகமாக வறண்டு, தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. குழாய்களில் காற்று வந்தது. ஆழ்குழாய்க் கிணறுகளும் கைவிரித்தன. முகப்பேர், அம்பத்தூர், கொரட்டூர் பக்கங்களில் தெருத் தெருவாக லாரிகளே தண்ணீர்த் தெய்வங்களாக விளங்கின. தனியார் லாரித் தண்ணீரின் விலை இரண்டு மடங்காயிற்று. சில இடங்களில் அதற்கும் மேலே போயிற்று. குடிநீர் வாரியத்தின் லாரிக்குப் பதிவு செய்தவர்களோ வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். ஜூலை 12-ஆம் தேதியன்று, ஜோலார்பேட்டையிலிருந்து ஐம்பது வாகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீரைச் சுமந்துகொண்டு, இருநூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து, முகப்பேருக்கு அடுத்தாற்போலுள்ள வில்லிவாக்கத்துக்கு ஒரு ரயில் வந்து சேர்ந்தது. கோடிக்கணக்கான லிட்டர் கேட்கும் நகரத்துக்கு அது ஒரு கைத் தண்ணீர்தான். ஆயினும் மாலை மரியாதைகளுடன் அதை வரவேற்றார்கள். தண்ணீருக்கு மாலை போட வேண்டிய காலம் வந்தால், அதன் மதிப்பு என்ன, விலை என்ன என்று சற்றே விசாரிப்பதில் தவறில்லை அல்லவா?

மதிப்பு வேறு, விலை வேறு. 1776-ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் ஆடம் ஸ்மித் என்னும் ஸ்காட்லாந்து அறிஞர் ஒரு விசித்திரத்தை எடுத்துக்காட்டினார். தண்ணீரைவிடப் பயனுள்ள பொருள் உலகில் இல்லை. ஆனால் அதைக் கொடுத்து எதையும் வாங்க முடிவதில்லை. வைரத்தினால் பெரிய பயன் ஒன்றும் இல்லை. அதைக் கொடுத்தாலோ எதையும் வாங்கலாம். இந்த முடிச்சை அவிழ்க்க வழி காட்டியவர்களில் ஒருவர் பிரெஞ்சுப் பொறியியலாளர் த்யுபுயி. பாலங்களும் சாலைகளும் கட்டிய அவர், 1844-இல் எழுதிய கட்டுரை ஒன்றில் நகரத்துத் தண்ணீரையே உதாரணமாகக் கொண்டார். தண்ணீர் ஒன்றுதான், ஆனால் முதல் குடத்துக்கு நாம் கொடுக்கும் மதிப்பு வேறு, நாலாவது குடத்துக்குக் கொடுக்கும் மதிப்பு வேறு என்பது அவர் கண்ட உண்மை.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்களெல்லாம் கற்பனையே. ஒரு குடும்பத்தின் முதல் குடம் குடிக்கவும் சமைக்கவும் வேண்டியது. அதற்காக அறுபது ரூபாய் கேட்டாலும் கொடுத்துத்தான் தீர வேண்டும். இரண்டாவது குடம் குளிக்க. நாற்பது வரையில் கொடுக்கலாம். மூன்றாவது, துணி துவைக்க; இருபது கொடுக்கலாம். நாலாவது, வாசல் தெளிக்கவும் துளசிக்கு ஊற்றவும். ஆறு ரூபாய்க்கு மேல் கொடுக்க மனம் வராது. குடம் ஐந்து ரூபாய்க்குக் கிடைத்தால், அந்தக் குடும்பம் நாலு குடமும் வாங்கும். அடைந்த மதிப்பு 126 ரூபாய். கொடுத்த பணம் 20 ரூபாய். மிச்சம் 106 ரூபாய். கணக்குப் புத்தகத்தில் ஏறாத, ஆனால் வாழ்க்கையில் அனுபவிக்கிற இந்த மிச்சத்துக்குத்தான் 'நுகர்வோர் உபரி' என்று பெயர். கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஆல்பிரட் மார்ஷல் 1890-இல் தம் பெருநூலில் விளக்கி, உலகம் முழுவதும் பரப்பிய கருத்து இது.

இப்பொழுது கோடை வந்துவிட்டது. குடத்தின் விலை பதினைந்து ரூபாய். துளசி வாடட்டும் என்று நாலாவது குடத்தை நிறுத்திவிடுகிறார்கள். மூன்று குடத்தின் மதிப்பு 120, கொடுப்பது 45, மிச்சம் 75. முன்பு இருந்த உபரியில் 31 ரூபாய் குறைந்துவிட்டது. அந்த 31 எங்கே போயிற்று? மூன்று குடங்களுக்கும் அதிகமாகக் கொடுத்த முப்பது ரூபாய் விற்றவர் கைக்குப் போயிற்று. பாக்கி ஒரு ரூபாய் யாருக்கும் கிடைக்கவில்லை. வாங்காமல் விட்ட நாலாவது குடத்தோடு அது மறைந்தே போயிற்று. மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். விலை மூன்று மடங்காகியும் வாங்கியது ஒரே ஒரு குடந்தான் குறைந்தது. விற்றவர் முன்னைவிடக் குறைவாக விற்று, இருபதுக்குப் பதில் நாற்பத்தைந்து ரூபாய் பெற்றார். தேவை வளைந்து கொடுக்காத இடத்தில் பஞ்சமே வியாபாரிக்கு லாபமாகிவிடுகிறது.

இந்த வளைவுக்குத்தான் 'நெகிழ்ச்சி' என்று பெயர். விலை ஏறினால் வாங்குவது எவ்வளவு குறைகிறது, விலை இறங்கினால் எவ்வளவு கூடுகிறது என்பதை அளக்கும் அளவுகோல் அது. 2023 ஜூலையில் தக்காளி விலை கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது நம் வீடுகளில் நடந்தது என்ன? புளிக்குழம்பும் எலுமிச்சை ரசமும் மறுபடி அரசாட்சிக்கு வந்தன. சர்க்கார், சென்னையில் 82 ரேஷன் கடைகளில் கிலோ அறுபது ரூபாய்க்குத் தக்காளி விற்கவும் ஏற்பாடு செய்தது. தக்காளிக்குப் பதில் புளி உண்டு. தண்ணீருக்குப் பதில் என்ன உண்டு? மாற்று இருக்கும் பொருளில் வாங்குபவன் கை ஓங்கும். மாற்று இல்லாத பொருளில் அவன் தலை குனிய வேண்டியதுதான்.

இந்த ரகசியத்தைப் பொருளாதார நிபுணர்கள் பெயரிட்டு எழுதுமுன்பே வரி போடுகிறவர்கள் நன்றாய் அறிந்திருந்தார்கள். உப்பில்லாமல் கஞ்சி குடிக்க முடியாது. விலை ஏறினாலும் ஏழை உப்பு வாங்குவதை விட மாட்டான். ஆகையால் அந்நிய சர்க்காருக்கு உப்பு வரி ஓர் அட்சய பாத்திரமாக இருந்தது. காந்தியடிகள் 1930-இல் தண்டிக்கு நடந்ததும், அதே ஆண்டு ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்குத் தொண்டர்களுடன் நடந்ததும் இந்த நெகிழாத் தேவையின்மேல் கட்டிய வரியை எதிர்த்தே ஆகும். வைரத்தின்மேல் வரி போட்டிருந்தால் ஜனங்கள் அவ்வளவு தூரம் நடந்திருப்பார்களா? ஏழையின் உபரியைச் சர்க்காரே எடுத்துக்கொண்ட அந்த வரி 1947-இல்தான் ஒழிந்தது.

வகுப்பில் இந்தக் குடக் கணக்கைக் கரும்பலகையில் போட்டபோது, பின்வரிசையில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்து, "அப்படியானால் லாரிக்காரர்தான் குற்றவாளியா, ஸார்?" என்று கேட்டான். நல்ல கேள்வி. பதில் அவ்வளவு சுலபமன்று.

அளிப்பவர் பக்கத்திலும் நெகிழ்ச்சி உண்டு; உபரியும் உண்டு. விலை ஏறியவுடன் சரக்கு நிறைய வந்து குவியுமானால், விலை தானே இறங்கிவிடும். கைக்குட்டைக்குக் கிராக்கி வந்தால் நாளைக்கே நூறு தையல் யந்திரங்கள் ஓடும். ஜூன் மாதத்தில் தண்ணீருக்குக் கிராக்கி வந்தால், லாரிகளைக் கூட்டலாம். கிணற்றின் ஊற்றைக் கூட்ட முடியுமா? லாரி மேலும் மேலும் தூரத்துக் கிராமங்களுக்குப் போகிறது. டீசல் செலவு ஏறுகிறது. தோட்டத்துக் கிணற்றுக்காரர் தம் விலையை ஏற்றுகிறார். ஆகவே நாம் கூடுதலாகக் கொடுக்கும் பணம் முழுவதும் லாரிக்காரரின் லாபம் என்று சொல்வதற்கில்லை. பெருக்க முடியாத பொருள் எவரிடம் இருக்கிறதோ, அவரிடமே உபரி போய்ச் சேரும். 1817-இல் டேவிட் ரிக்கார்டோ நிலவாடகையைப் பற்றி எழுதியதும் இதே நியாயந்தான். அந்தக் கிணற்றில் இரவு பகலாக இறைப்பதால் பக்கத்து வயலின் கிணறு வற்றுகிறதே, அந்த நஷ்டம் மட்டும் எவர் கணக்கிலும் ஏறுவதில்லை.

அளிப்பவனே எப்பொழுதும் பலசாலி என்றும் எண்ணிவிடக் கூடாது. கோயம்பேட்டு மார்க்கெட்டுக்குத் தக்காளி அனுப்பும் குடியானவனைப் பாருங்கள். விலை ஏறியதைக் கண்டு பலரும் ஒரே சமயத்தில் பயிரிடுகிறார்கள். விளைந்து வரும் நாளில் விலை சரிகிறது. பழமோ நாலு நாள் காத்திராது. பறிகூலிக்கும் வண்டிவாடகைக்கும் கட்டாதென்று பழத்தைச் சாலையோரத்தில் கொட்டும் பரிதாபத்தை நாம் அடிக்கடி காண்கிறோம். கோடையில் குடத்துக்காக நிற்கும் நகரத்து ஏழையும், அழுகும் பழத்துடன் நிற்கும் கிராமத்துக் குடியானவனும் ஒரே நிலையில் இருப்பவர்கள். இருவராலும் காத்திருக்க முடியாது. காத்திருக்க முடிந்தவனே உபரியை எடுத்துச் செல்கிறான். இந்த அத்தியாயத்தின் சாரம் இதுவே.

காத்திருக்கும் சக்தி எல்லோருக்கும் சமமாக அமைவதில்லை. சென்னையில் 'சம்ப்' என்று வழங்கும் நிலத்தடித் தொட்டி உள்ள வீட்டார், ஒரு லாரித் தண்ணீரை முழுசாக வாங்கி இறக்கிக்கொள்கிறார்கள். விலை சற்றுக் குறைவாக இருக்கும் நாளைப் பார்த்தும் வாங்குகிறார்கள். ஒற்றை அறையில் குடியிருக்கும் தொழிலாளி, குடம் குடமாகத்தான் வாங்க வேண்டும். அதுவும் அன்றைய விலைக்கு. லிட்டர் கணக்குப் பார்த்தால் பணக்காரனைவிட ஏழையே அதிக விலை கொடுக்கிறான். அவனுடைய மனைவி வரிசையில் நின்று இழக்கும் அரை நாள் கூலியையும் கூட்டினால், அந்தத் தண்ணீரின் விலை இன்னும் ஏறும்.

சிலர், "லாரித் தண்ணீருக்குச் சர்க்கார் விலை கட்டிவிடலாமே!" என்பார்கள். தண்ணீரைக் கூட்டாமல் விலையை மட்டும் கட்டினால் வரிசை நீளுமே தவிரக் குடம் நிறையாது. வாரியத்தின் லாரிக்கு விலை நிர்ணயம் உண்டு. அதற்காகக் காத்திருந்த வாரங்களை நாம் மேலே கண்டோம். எனவே ஏழைகளின் தெருவுக்கு வாரியமே தண்ணீரைக் கொண்டுபோய்த் தொட்டியில் ஊற்றுவதுதான் பஞ்ச காலத்துக்கு ஏற்ற தர்மம். ஆனால் நிரந்தரமான பரிகாரம் அளிப்பை நெகிழச் செய்வதே. அது ஜூன் மாதத்தில் செய்கிற காரியமன்று. ஐப்பசி மழைக்கு முன் செய்கிற காரியம்.

இவ்விடத்தில் முகப்பேரில் வழங்கும் ஒரு பெயர் நமக்குப் பாடம் சொல்கிறது. அங்கே வீட்டு வசதி வாரியம் அமைத்த குடியிருப்பு ஒன்றுக்கு 'ஏரித் திட்டம்' என்று பெயர். ஏரி போய்விட்டது, திட்டம் நிற்கிறது. வீடு இல்லாத நடுத்தரக் குடும்பங்களுக்கு அங்கே மனை கிடைத்ததைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது, வீடும் வேண்டியதே. ஆனால் அந்தப் பேரத்தில் ஒரு பக்கம் மட்டுமே பத்திரத்தில் ஏறிற்று. மனையின் விலை ஏறியது நமக்குத் தெரிகிறது. ஏரி என்பது நம் முன்னோர் மழைநாளில் திறந்து வைத்த சேமிப்புக் கணக்கு. ஊருக்கெல்லாம் பொதுவான 'சம்ப்'. அதை மூடியதால் இழந்த உபரி, ஆண்டுதோறும் லாரிக்காரருக்குக் கொடுக்கும் பணமாகச் சில்லறை சில்லறையாய் வெளியே போகிறது.

நல்ல காரியங்களும் நடவாமல் இல்லை. தமிழ்நாட்டில் ஒவ்வொரு கட்டடத்திலும் மழைநீர் சேகரிப்பு அமைப்பு இருக்க வேண்டுமென்று 2003-இல் சட்டம் வந்தது. கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் மீஞ்சூரில் 2010-லும், நெம்மேலியில் 2013-லும் தொடங்கின. இரண்டும் தலைக்கு நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் சக்தி வாய்ந்தவை. நெம்மேலியில் பதினைந்து கோடி லிட்டருக்கான மற்றொரு நிலையம் 2024-இல் திறக்கப்பட்டது. மழை பொய்த்தாலும் கடல் பொய்க்காது என்பது உண்மையே. ஆனால் கடல்நீரைக் காய்ச்சாமலே நன்னீராக்கும் அந்த யந்திரங்கள் மின்சாரத்தை ஏராளமாகக் குடிப்பவை. வானம் இலவசமாகக் கொடுப்பதைச் சாக்கடையில் விட்டுவிட்டு, கடல் கொடுப்பதைக் காசு போட்டு வாங்குவது விவேகமான குடித்தனம் ஆகுமா?

சட்டத்துக்காகப் பதித்த மழைநீர்க் குழாய்கள் பல வீடுகளில் தூர்ந்து கிடக்கின்றன. மாடியில் இலையும் குப்பையும் அடைத்திருக்கின்றன. கீழே உறிஞ்சுகுழியில் மண் நிரம்பியிருக்கிறது. வாசகர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் செலவிட்டு, வீட்டுப் பிள்ளைகளையும் துணைக்கு அழைத்துக்கொண்டு, அவற்றைச் சுத்தம் செய்தால், அடுத்த கோடையில் நாலாவது குடம் துளசிக்கு மிஞ்சும். துப்புரவு நடக்கும்போது உபரியையும் நெகிழ்ச்சியையும் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்லலாம். பரீட்சையில் இக்கேள்வி வராமல் போனாலும் வாழ்க்கையில் வரும்.

அடுத்த வாரம் வீட்டு வாடகையைக் கவனிப்போம். அதிலும் காத்திருக்க முடிந்தவர் யார், முடியாதவர் யார் என்பதுதான் விஷயம்.